முதுமையும் மரணமும் நம் விசுவாசமும்

(நமது பங்கின் யூபிலி ஆண்டில், முதியோர்க்கான திருப்பலிக்குப் பின் பங்கு மக்கள் முன்னிலையில், நோயாளிகளைச் சந்திக்கும் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



யூபிலி என்றவுடன் நம் கண்முன் வருபவை கொடியேற்றமும் தேர்ப் பவனியும், புதிதாக வண்ணம் பூசிய கோபுரமும், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டும் ஆகும். இவை எல்லாம் நல்லவையே. ஆனால் யூபிலி என்ற சொல் பிறந்த இடம் லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம். அங்கே கோபுரமும் இல்லை, தேரும் இல்லை. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும். விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். பிரிந்தவன் தன் உறவினரிடம் போய்ச் சேர வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. இதற்குக் காரணமும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. நிலம் ஆண்டவருக்குச் சொந்தம். நாம் அதில் சில காலம் தங்கிப் போகிறவர்கள்.

ஆகவே யூபிலி என்பது, பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் விழா. வீடு திரும்பும் விழா. சற்று எண்ணிப் பார்த்தால் முதுமையும் மரணமும் இந்த இரண்டும் அன்றி வேறல்ல. முதுமையில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறோம். மரணத்தில் வீடு திரும்புகிறோம். திருநாள் நேரத்தில் சாவைப் பற்றியா பேசுவது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதைவிடப் பொருத்தமான நேரம் வேறு இல்லை.

நம் வீடுகளின் நிலை

நமது பகுதியின் வாழ்க்கையை நாம் அறிவோம். சேலத்துத் தறிக்குழிகளில் நாற்பது ஐம்பது ஆண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து முழங்கால் தேய்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும், ஜவ்வரிசி ஆலையில் மாவுத் தொட்டியருகே நின்றும் உழைத்தவர்கள் உண்டு. நாமக்கல் லாரிகளில் வடநாடு வரை ஓடி, கண் மங்கிய பின் வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஆழ்துளைக் கிணறு தோண்டப் போய், மாதக் கணக்கில் மனைவி மக்களைக் காணாமல் இருந்தவர்களும் உண்டு. இவர்கள் உழைப்பில்தான் பிள்ளைகள் படித்தார்கள். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் எஞ்சியிருப்பது அப்பாரும் அம்மாயியும், ஒரு கைப்பேசியும்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 பேரில் 8.6 பேர் 60 வயதை எட்டியவர்கள், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். நம் ஆலயத்தின் ஞாயிறு காலைத் திருப்பலிக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. கோலூன்றி வருவோர் எத்தனை பேர் என்று கண்ணாலேயே எண்ணிக்கொள்ளலாம். வர முடியாமல் கட்டிலில் கிடப்போரைத்தான் நாம் எண்ணுவதில்லை. அவர்களைத் தேடிச் செல்வது எங்கள் குழுவின் பணி. போகும் இடமெல்லாம் நாங்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே முறையீடுதான். “சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆள் இல்லை.” வயிற்றுப் பசியைத் தீர்க்கப் பிள்ளைகள் அனுப்பும் பணம் உதவுகிறது. இந்தப் பசிக்கு யார் சோறு போடுவது?

தத்துவ போதகர் காட்டிய முதுமை

நமது மண்ணில் நற்செய்தியின் வித்து விழுந்த கதையை நம் குழந்தைகள் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறார்கள். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தே நொபிலி சுவாமிகள், 1577இல் இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தவர். 1605இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டு மதுரை சேர்ந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழையும் சமஸ்கிருதத்தையும் தெலுங்கையும் கற்றுத் தேர்ந்தார். 1623இல் மதுரையை விட்டு வடக்கே நடந்து, கொல்லிமலையைக் கண்ணுக்கெதிரே காணும் சேந்தமங்கலத்துக்கும், பிறகு சேலத்துக்கும் வந்தார். சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு ஏற்றார். சேலத்தில் முதலில் இடம் கொடுப்பார் இன்றி அவர் இன்னலுற்றார். பின்னர் அங்கு ஆண்டுகொண்டிருந்த நாயக்கரின் தமையனார், ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர், அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

இவ்வளவும் நாம் விழா மேடைகளில் சொல்லும் கதை. இதன் பிற்பகுதியை நாம் அதிகம் சொல்வதில்லை. எழுபது வயதை நெருங்கிய சுவாமிகளுக்குக் கண் பார்வை போயிற்று. நாற்பது ஆண்டு தம் உயிராக எண்ணி உழைத்த மதுரையை விட்டு, மேலாளர் சொற்படி அவர் யாழ்ப்பாணத்துக்குச் செல்ல நேர்ந்தது. அங்கிருந்து மயிலாப்பூர் வந்தார். எழுதிய கை ஓய்ந்தது. படித்த கண் இருண்டது. ஆயினும் தம் நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டு, திருத்தங்களை வாயால் சொல்லி எழுதுவித்தார். வழக்கமான எளிய மரக்கறி உணவையும் தவத்தையும் விடவில்லை. 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார். இந்த நாட்டுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவர் வாழ்வே ஒரு யூபிலி அன்றோ?

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆத்துமாவைப் பற்றி “ஆத்தும நிருணயம்” என்று பெரிய நூல் எழுதியவர் அவர்; முடிவில்லா வாழ்வைப் பற்றி “நித்திய சீவன சல்லாபம்” எழுதியவரும் அவரே. எழுதுவது எளிது. எழுதியதைக் கண் தெரியாத முதுமையில், பழகிய ஊரைவிட்டு, பேர் புகழ் இல்லாமல் வாழ்ந்து காட்டுவது அரிது. நாடெங்கும் நடந்து அறிவித்த நாட்களில் அவர் சொன்ன மறையுரையைவிட, மயிலாப்பூரில் ஓர் இடத்தில் அமர்ந்திருந்த நாட்களில் சொல்லாமல் சொன்ன மறையுரை நமக்கு இன்று அதிகம் தேவைப்படுகிறது. பயன்பட்ட காலம் முடிந்தது என்று உலகம் எழுதி வைக்கும் வயதிலும் ஒரு கிறிஸ்தவனுக்கு வேலை முடிவதில்லை. வேலையின் வகைதான் மாறுகிறது.

எண்ணெயைக் கண்டு ஏன் அச்சம்?

இனி, எங்கள் குழுவின் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு பாரத்தை உங்கள்முன் இறக்கி வைக்க விரும்புகிறோம்.

நமது வீடுகளில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்போது, “சாமியாரை அழைத்து வரட்டுமா?” என்று கேட்டால், வீட்டார் முகம் கறுத்துவிடுகிறது. “இன்னும் அந்த நிலைமை வரவில்லை” என்கிறார்கள். “பார்த்தால் பயந்துவிடுவார்” என்கிறார்கள். முடிவில், பேச்சு அடங்கி, நினைவு தப்பி, மூச்சு இழுக்கும் நேரத்தில் இரவு இரண்டு மணிக்கு ஆள் ஓடி வருகிறது. சில நேரம் குருவானவர் போய்ச் சேரும்போது உயிர் பிரிந்திருக்கிறது. இறந்தவருக்காகச் செபிக்கலாமே ஒழிய, இறந்த பின் இந்த அருட்சாதனத்தைக் கொடுக்க இயலாது.

“அவஸ்தைப் பூசுதல்” என்று நம் பாட்டன் பாட்டிமார் வழங்கிய பெயர்தான் இந்த அச்சத்துக்கு ஒரு காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தில், இது சாகக் கிடப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவாக்கி, “நோயில் பூசுதல்” என்ற பெயரே சிறந்தது என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய சடங்கு முறையைத் தந்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசியதற்குப் பதிலாக, இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறார்கள். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்றும் அவர் அனுமதித்தார்.

யார் யார் பெறலாம்? கடும் நோயுற்றோர் பெறலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் பெறலாம். குறிப்பிட்ட நோய் இல்லாவிட்டாலும், முதுமையால் மிகவும் தளர்ந்தவர்கள் பெறலாம். குணமாகி மீண்டும் நோயுற்றால், அல்லது அதே நோய் முற்றினால், மீண்டும் பெறலாம். யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நோயுற்றவர் சபையின் மூப்பரை அழைத்து வரச் செய்யட்டும் என்கிறார். அழைப்பவர் நோயாளி. அழைக்க வேண்டுமானால் அவருக்கு நினைவு இருக்க வேண்டும் அல்லவா? நினைவோடு இருக்கையில்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும். மனத்தாங்கல் உள்ள தம்பியின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல முடியும். வழித்துணையாகத் திவ்விய நற்கருணையை உட்கொள்ள முடியும். நீண்ட பயணம் போகும் லாரிக்காரருக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்பும் நாம், எல்லாவற்றிலும் நீண்ட பயணம் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பலாமா?

ஆகவே அன்பர்களே, எண்ணெயோடு வரும் குருவானவர் எமனுடைய தூதர் அல்லர். நோயாளியின் கட்டிலருகே கிறிஸ்து வந்து அமர்கிறார் என்பதன் அடையாளம் அவர். காலத்தோடு அழையுங்கள்.

பிள்ளைகளாகிய நமக்கு

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கடுமையாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை “இது கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் கண்டிக்கிறார். யூபிலி நன்கொடை எழுதும் நாம் இதை மறக்கக் கூடாது. பீடத்துக்குப் பளிங்குக் கல் கொடுக்கும் மகனுடைய தாய்க்குக் கண்புரை அறுவை செய்யப்படாமல் கிடக்குமானால், அந்தப் பளிங்கு ஆண்டவருக்கு ஏற்ற காணிக்கை ஆகாது. சிலுவையில் உயிர் விடும் நேரத்திலும் தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தவர் நம் ஆண்டவர். உலகத்தை மீட்கும் வேலையில் இருந்தவருக்குத் தாயை நினைக்க நேரம் இருந்தது. நமக்கு நேரமில்லை என்றால் யார் நம்புவார்?

நாட்டின் சட்டமும் இன்று இதைச் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, காப்பாற்றத் தவறினால் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. ஆனால் கிறிஸ்தவக் குடும்பத்தின் தாய் தகப்பன் மனு எழுதிக்கொண்டு அந்தப் படியேறும் நிலைமை வரலாமா?

தென் மாவட்டங்கள் சிலவற்றில் “தலைக்கூத்தல்” என்று, படுத்த படுக்கையான முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் புகட்டிச் சாகவிடும் கொடுமை நடந்ததை 2010ஆம் ஆண்டளவில் நாளேடுகள் வெளிப்படுத்தின. கேட்டு நாம் திடுக்கிடுகிறோம். உயிர் இறைவனுடையது, அதை முடிக்க நமக்கு உரிமை இல்லை. இது திருச்சபையின் மாறாத போதனை. ஆனால் மாதக் கணக்கில் பின்னறையில் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல், “எப்போது போகும்” என்று காதில் விழவே சொல்வதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

மறுபுறத்தில் இன்னொரு துன்பமும் உண்டு. இனிப் பிழைப்பில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, நிலத்தை அடகு வைத்து, மூச்சுக் கருவியோடு பெரியவரைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். உறவினர் முகம் காணாமலே அவர் இறந்துபோகிறார். திருச்சபை இதைக் கேட்கவில்லை. பயனற்றதும் தாங்க முடியாத பாரமானதுமான அசாதாரண வைத்தியத்தை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களிடம் கூறினார். 1980இல் உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் அதையே உறுதி செய்தது. உணவும் நீரும் சுத்தமும் வலி தணிக்கும் மருந்தும் அன்பும் கடைசி மூச்சு வரை குறையக் கூடாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் சின்னப்பர் 2005 ஏப்ரல் 2ஆம் நாள் மருத்துவமனையில் அன்று, தம் சொந்த அறையில், செபிப்போர் சூழ உயிர் நீத்தார். வீட்டில், தம் மக்கள் நடுவே இறப்பது ஏழைக்கும் கிடைக்கக் கூடிய பாக்கியம்.

அடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். உயிரோடிருந்தபோது ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கித் தராதவர், இறந்த பின் ஆளுயரப் பதாகையும் பூப்பல்லக்கும் வாண வேடிக்கையும் வைப்பதால் என்ன பயன்? 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம் கல்லறை எளியதாக, அலங்காரம் ஏதுமின்றி, தம் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம் தமிழகத்திலோ சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நிற்கிறது. உயிர்த்தெழும் நாளில் அந்தச் சுவர் யாரை மறைக்கும்?

பெரியோர்களாகிய உங்களுக்கு

இனி நம் பெரியோர்களிடம் பணிவோடு சில சொல்ல விரும்புகிறோம்.

நீங்கள் பாரம் அல்ல. எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவை அடையாளம் கண்டுகொண்டவர்கள் யார்? குருக்களும் அல்லர், அறிஞரும் அல்லர். முதியவர் சிமியோனும், எண்பத்து நான்கு வயது விதவை அன்னாளும். காத்திருந்து பழகிய கண்களுக்குத்தான் அது தெரிந்தது. உங்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக் கொடுப்பது இன்றும் நீங்கள்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 முதல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக வைத்தது இதனால்தான்.

கணக்கை முடித்து வையுங்கள். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, மருமகள் பேசிய ஒரு சொல், முப்பது ஆண்டுக்கு முன் கலியாணத்துக்கு அழைக்காத அண்ணன் என்று மனத்தில் மூட்டை கட்டி வைத்திருப்பவை எத்தனை! சொத்தைத் தெளிவாக எழுதி வையுங்கள். ஆனால் நீங்கள் இருக்கும் கூரையை உங்கள் காலத்துக்கு உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை மட்டும் உயிலில் எழுதி வைக்காதீர்கள். அதை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். யூபிலி ஆண்டின் கட்டளை கடன் தீர்ப்பது.

சாவுக்கு அஞ்சுவது பாவமா என்று சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. பாவமில்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே கலங்கினார். லாசரின் கல்லறையருகே அழுதார். அழுதவரே லாசரை வெளியே அழைத்தவரும். கிறிஸ்தவனுக்குக் கண்ணீர் உண்டு. ஆனால் அந்தக் கண்ணீருக்குக் கரை உண்டு. நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்று நாம் சூசையப்பரை வேண்டுவதற்குக் காரணம், இயேசுவும் மரியாளும் இருபுறமும் இருக்க அவர் இறந்தார் என்ற பக்தி மரபு. வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை அந்தத் தச்சர் மேல்தான் பாடினார். பெரிய செயல் எதையும் மறைநூல் சொல்லாத, ஒரு வார்த்தையும் பேசியதாகக் குறிக்காத ஓர் உழைப்பாளி அவர். யார் அருகில் வாழ்ந்தாரோ அவர் அருகிலேயே இறந்தார். நல்ல மரணத்தின் இரகசியம் அவ்வளவுதான்.

எது முக்கியம்?

முடிவாக, இத்தனை ஆண்டு விசுவாச வாழ்வில் எது மிக முக்கியம்? மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் கடைசித் தேர்வின் கேள்விகள் முன்கூட்டியே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டன. எத்தனை திருநாளுக்குத் தலைமை தாங்கினாய் என்ற கேள்வி அதில் இல்லை. கல்வெட்டில் உன் பெயர் எத்தனையாவது வரி என்ற கேள்வியும் இல்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகித்தவனுக்குத் தண்ணீர், நோயாளியைப் பார்க்கப் போனது, இவையே கேள்விகள். புனித சின்னப்பரும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றில் அன்பையே பெரியதாக வைத்தார். அதன் காரணம் புரிகிறது. நேருக்கு நேர் கண்ட பின் விசுவாசத்துக்கு வேலை இல்லை. பெற்றுக்கொண்ட பின் நம்பிக்கைக்கு வேலை இல்லை. அன்புக்கு மட்டும் அங்கேயும் வேலை உண்டு. நாம் இங்கிருந்து கொண்டு போகக் கூடிய ஒரே பொருள் அதுதான்.

1930இல் உருவான நமது சேலம் மறைமாவட்டம் 2030இல் நூறு ஆண்டு நிறைவு காணும். பாரீஸ் வேதபோதகக் குருக்களும் நம் நாட்டுக் குருக்களும், பெயர் தெரியாத உபதேசியார்களும் இந்த வெயில் மண்ணில் நடந்து நடந்து தேய்ந்தார்கள். பலர் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கட்டடங்கள் சில இடிந்தும் போயின. விட்டுப்போன அன்பு நம் வழியாக இன்னும் நடக்கிறது.

ஆகையால் இந்த யூபிலிக்கு எங்கள் குழு உங்களிடம் மூன்று காணிக்கை கேட்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒரு முதியவர் வீட்டுக்கு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல், வாரம் ஒரு முறை சென்று கால் மணி நேரம் பேசி வாருங்கள். வீட்டில் நோயாளி இருந்தால், நினைவு இருக்கும்போதே குருவானவரை அழையுங்கள். மனத்தாங்கல் உள்ள ஓர் உறவினரோடு, இவ்வாண்டின் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் சமாதானம் செய்துகொள்ளுங்கள். அன்று இருவரும் சேர்ந்து பெற்றோர் கல்லறையில் ஒரே மெழுகுதிரி ஏற்றுங்கள்.

நாள்தோறும் செபமாலையில் நம் தாயிடம் இரண்டு நேரங்களுக்காக மன்றாடுகிறோம். ஒன்று இந்த நேரம். மற்றது நம் மரண நேரம். இடையில் உள்ள நேரங்களைப் பற்றி அந்தச் செபம் ஒன்றும் சொல்வதில்லை. இந்த நேரத்தை அன்போடு வாழ்ந்தால் அந்த நேரம் தானே நல்லதாக அமையும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் போலும். ஒரு நாள் இரண்டு நேரமும் ஒன்றாகிவிடும். அன்று நம் கையைப் பிடிக்கப் பிள்ளைகளும், வழித்துணையாக நற்கருணையும், வாசலில் எதிர்கொள்ளத் தேவ அன்னையும் இருக்க இறைவன் அருள் புரிவாராக.

 இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!